இரவு ஷிப்டில் ஐந்து பேரைக் குறைக்கச் சொல்கிறார்கள்: விமான நிலைய ஆள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

அட்டவணைக்காரன்

வணக்கம். நடுத்தர அளவு விமான நிலையம் ஒன்றில் தரைப்பணிப் பிரிவுக்கு ஷிப்ட் அட்டவணை போடுவது என் வேலை. ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இந்த மன்றத்தில் ரேம்ப் (விமானங்கள் வந்து நிற்கும் தளம்), டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்), பாதுகாப்புச் சோதனை, தீயணைப்பு என்று எல்லாப் பக்கத்திலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள ஷிப்டில் ரேம்புக்கு 22 பேர் போடுகிறேன். வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஒரு மாதம் உட்கார்ந்து அளந்துவிட்டு, "இரவில் சராசரியாக 54 சதவீத நேரம்தான் வேலை நடக்கிறது, 17 பேர் போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாளில் பார்த்தால் மறுக்க முடியவில்லை. ஆனால் போன மாதம் ஒரு இரவு நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மழையால் தாமதமான மூன்று விமானங்கள் இருபது நிமிட இடைவெளிக்குள் அடுத்தடுத்து வந்தன. அன்று வந்திருந்தவர்கள் 18 பேர். மூன்றாவது விமானத்துக்குப் புஷ்பேக் கொடுக்கும்போது, அதாவது பின்னால் தள்ளி வெளியே எடுக்கும்போது, இடது பக்கம் விங் வாக்கர் (இறக்கை எதிலும் இடிக்காமல் பார்த்து நடப்பவர்) இல்லை. பக்கத்து நிறுத்தத்தில் நின்ற விமானத்தின் வால் பகுதிக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது டக் (விமானத்தைத் தள்ளும் வண்டி) ஓட்டுநர் பார்த்து நிறுத்தினார்.

எதுவும் இடிக்கவில்லை. அதனால் எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. ஆலோசகர்களின் அறிக்கையிலும் இல்லை.

அடுத்த வாரம் நான் பதில் கொடுக்க வேண்டும். "பயமாக இருக்கிறது" என்று எழுத முடியாது, கணக்கு வேண்டும். நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

மஞ்சள்கோடு

தம்பி, 19 வருடம் ரேம்பில் நின்றவன் சொல்கிறேன். முதலில் அந்த 54 சதவீதத்தை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். விமானத்தைத் தொட்டு வேலை செய்யும் நேரத்தை மட்டும் "வேலை" என்று எடுத்திருப்பார்கள். விமானம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஆள் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். தரையில் போல்ட், பிளாஸ்டிக் துண்டு, பெட்டிச் சக்கரம் ஏதாவது கிடக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். பெட்டி ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி பிரேக் பிடிக்கிறதா, டக்கில் எரிபொருள் இருக்கிறதா, கூம்புகள் எடுத்து வைத்தாயிற்றா, இதெல்லாம் யார் கணக்கில் வருகிறது? காத்து நிற்பதும் இந்தத் தொழிலில் வேலைதான். தீயணைப்பு வீரர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சும்மா இருக்கிறார் என்று யாராவது சொல்வார்களா?

இரண்டாவது, ஒரு விமானத்துக்கு எத்தனை பேர் என்பதைப் பதவியால் எண்ணாதீர்கள், ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளால் எண்ணுங்கள். ஒற்றை நடைபாதை விமானம் உள்ளே வரும்போது சைகை காட்ட ஒருவர், இறக்கைக்கு இரண்டு பேர், சக்கரத்துக்குச் சாக் (உருளாமல் தடுக்கும் கட்டை) வைக்க ஒருவர். அது நின்ற உடனே முன் சரக்கறைக்கும் பின் சரக்கறைக்கும் தனித்தனியாக ஆள், பெட்டி வண்டி ஓட்ட ஆள். வெளியே தள்ளும்போது டக் ஓட்டுநர், ஹெட்செட்டில் விமானியோடு பேசுபவர், மறுபடியும் இறக்கைக்கு இரண்டு பேர். வேலை மாறும், ஆள் அதே ஆள்தான் என்றாலும் எங்கள் இடத்தில் ஏழுக்குக் கீழே போனால் ஏதோ ஒன்று விடுபடும்.

எது விடுபடும் தெரியுமா? எப்போதும் விங் வாக்கர்தான். பெட்டி ஏறவில்லை என்றால் விமானம் கிளம்பாது. டக் ஓட்டுநர் இல்லை என்றால் நகராது. விங் வாக்கர் இல்லாவிட்டாலும் விமானம் நகரும். அதனால் ஆள் குறையும் எல்லா இரவிலும் அந்த இடம்தான் காலியாகும். நானே ஒருமுறை வாலுக்குப் பின்னால் ஓடி ஓடி இரண்டு இறக்கையையும் ஒருவனாகப் பார்த்திருக்கிறேன். அன்று இடது இறக்கையைப் பார்த்த நேரத்தில் வலது இறக்கையை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. செய்திருக்கக் கூடாது. அன்று எனக்கு அது திறமை மாதிரித் தெரிந்தது.

வரிசைக்கணக்கு

மஞ்சள்கோடு அண்ணன் சொன்னதோடு கணக்கையும் சேர்க்கிறேன். என் துறை செயல்பாட்டு ஆய்வு.

சராசரியை வைத்து ஆள் போடுவது ஏன் தவறு என்பதற்கு நூறு வருடத்துக்கு மேலான விடை இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-இல் இதைத்தான் எழுதினார். அழைப்புகள் சீராக வருவதில்லை, கொத்தாக வருகின்றன. எளிய மாதிரியாக ஒரே ஒரு கவுன்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள், சேவை பெறுபவரையும் சேர்த்து. 90 சதவீதம் ஆனால் 9 பேர். 95 சதவீதம் ஆனால் 19 பேர். 90-லிருந்து வேலைச்சுமை ஐந்து புள்ளி கூடினாலே வரிசை இரட்டிப்பாகிறது. ரேம்பில் வரிசை என்பது காத்து நிற்கும் விமானம். அந்தக் காத்திருப்பைத் தாங்காமல்தான் "இருக்கிற ஆளை வைத்துத் தள்ளிவிடு" என்கிறார்கள்.

ஆக, அட்டவணைக்காரன் செய்ய வேண்டியது இதுதான். விமான நிறுவனங்கள் கொடுத்த கால அட்டவணையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கடந்த ஒரு வருடத்தில் ஒவ்வொரு விமானமும் நிறுத்தத்துக்கு உண்மையாக வந்த நேரம், உண்மையாகக் கிளம்பிய நேரம் இரண்டையும் எடுங்கள். ஒவ்வொரு இரவையும் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரே நேரத்தில் எத்தனை விமானத்தில் வேலை நடந்தது என்று எண்ணுங்கள். 365 இரவுகளும் வேண்டும். ஒரு மாதம் மட்டும் அளந்தால் அந்த மாதத்து வானிலையைத்தான் அளக்கிறீர்கள்.

இன்னொன்று. அட்டவணையில் 22 என்று எழுதினால் 22 பேர் வருவதில்லை. 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தை எடுங்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் என்றால் ஒருவருக்கு 2,080 மணி. அதில் 30 நாள் விடுப்பு, 8 நாள் நோய், 10 நாள் பயிற்சி கழித்தால் மிஞ்சுவது 1,696. வகுத்துப் பாருங்கள், 5.17 வருகிறது. ஒரு நாற்காலிக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டும். மூன்று ஷிப்ட், அதனால் மூன்று பேர் என்று நினைக்கும் மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செலவுப்பக்கம்

நான் ஒரு விமான நிலைய நிர்வாகத்தில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருடத்தின் மிக மோசமான இரவுக்கு ஆள் போட்டால், மீதி இரவுகளில் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் செலவு டிக்கெட்டில்தான் ஏறும். தரைப்பணி நிறுவனங்கள் மிகக் குறைந்த லாபத்தில் ஓடுகின்றன. அவை மூடினால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அதோடு வேலையே இல்லாமல் நிற்கும் இரவுகளில் கவனம் சிதறுவதும் ஆபத்துதான் என்று உங்களில் பலருக்கும் தெரியும்.

என் கேள்வி நேரடியானது. எத்தனை பேர் இருந்தால் "போதும்" என்று சொல்வீர்கள்? அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. நான் கேட்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் "இன்னும் வேண்டும்" என்பது மட்டும்தான் பதில்.

கோபுரத்துக்குரல்

செலவுப்பக்கம் சார், நியாயமான கேள்வி. ஓய்வு பெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளன் என்ற முறையில் பதில் சொல்ல முயல்கிறேன். சற்று நீளமாக இருக்கும்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு டுபொலெவ் பயணிகள் விமானமும் ஒரு போயிங் 757 சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்பகுதியைச் சூரிக்கிலிருந்து கவனித்தார்கள். ஷிப்டில் இருந்தது இரண்டு கட்டுப்பாட்டாளர்கள். போக்குவரத்து குறைந்ததும் ஒருவர் ஓய்வறைக்குப் போய்விட்டார். அது விதிமீறல் என்று யாரும் நினைக்கவில்லை. வருடக்கணக்காக இரவில் அப்படித்தான் நடந்தது, நிர்வாகத்துக்கும் தெரியும். அன்றிரவு ரேடார் அமைப்பில் பராமரிப்பு நடந்ததால் மோதல் எச்சரிக்கை திரையில் வரவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்குத் தாமதமாக ஒரு ஏர்பஸ் வந்தது. ஒரே மனிதர் இரண்டு திரைகளுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து வேலை செய்தார். சராசரி எடுத்திருந்தால் அந்த இரவு மிக அமைதியான இரவு. 2007-இல் அந்தக் கட்டுப்பாட்டுப் பணியை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த நான்கு பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது.

2006 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் லெக்சிங்டன். விடியும் முன் ஒரு சிறிய ஜெட் தவறான, குட்டையான ஓடுபாதையிலிருந்து கிளம்ப முயன்று விழுந்தது. இருந்த 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். தவறு விமானிகளுடையது என்றுதான் விசாரணை முடிந்தது, அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் கோபுரத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டிய இரவு ஷிப்டில் ஒருவர்தான் இருந்தார். அந்த ஷிப்டுக்கு முன் அவர் தூங்கியது சுமார் இரண்டு மணி நேரம். அனுமதி கொடுத்துவிட்டு அவர் வேறு நிர்வாக வேலைக்குத் திரும்பினார். விமானம் எந்த ஓடுபாதையில் திரும்பியது என்று பார்க்க அங்கே இன்னொரு ஜோடிக் கண் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எத்தனை பேர் போதும்" என்பதை நான் இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி, ஆள் குறைந்த இரவில் எதை நிறுத்துவோம் என்று முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறோமா? எழுதி வைத்திருந்தால் 17 பேரோடும் பாதுகாப்பாக வேலை பார்க்கலாம், விமானம் காத்திருக்கும், அவ்வளவுதான். எழுதி வைக்கவில்லை என்றால் 22 பேர் இருந்தும் ஒரு இரவு ஏதோ ஒரு ஷிப்ட் பொறுப்பாளர் இரண்டு இடங்களை ஒன்றாகச் சேர்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு வழியை நாம் அவர் கையில் கொடுக்கவில்லை.

இதைப் பெரிய விமான நிலையங்களே செய்திருக்கின்றன. 2022 கோடையில் லண்டனின் ஹீத்ரோ, ஒரு நாளைக்குக் கிளம்பும் பயணிகளை 1 லட்சமாகக் கட்டுப்படுத்தியது. 2023 செப்டம்பர் கடைசி வாரத்தில் கோபுரத்தில் பலர் நோயால் வராதபோது, லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக் ஒரு நாளைக்கு 800 விமானங்கள் என்று வரம்பு போட்டது. விமான நிறுவனங்கள் கோபப்பட்டன, பயணிகள் சிரமப்பட்டார்கள். ஆனால் வந்திருந்த ஆளுக்குத் தக்கபடி போக்குவரத்தைக் குறைத்தார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

எக்ஸ்ரேகண்

பாதுகாப்புச் சோதனைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். எங்களிடம் ஆள் கணக்கு இன்னொரு விதத்தில் ஏமாற்றும்.

எக்ஸ்ரே திரையை ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. ஐரோப்பிய விதிப்படி சாதாரணமாக 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து படம் பார்க்கக் கூடாது, அதன் பிறகு குறைந்தது 10 நிமிடம் திரையை விட்டு விலக வேண்டும். அப்படியானால் ஒரு திரைக்கு ஒரு ஆள் என்பது கிடையாது, ஒன்றரை ஆள். அந்த அரை ஆளை வெட்டும்போது தாளில் எந்த இடமும் காலியாகத் தெரியாது. ஆள் உட்கார்ந்திருப்பார், கண்தான் பார்க்காது.

அப்புறம் மொத்த எண்ணிக்கை. ஒரு காலை ஷிப்டில் எங்களுக்கு ஒதுக்கியபடியே ஆட்கள் வந்திருந்தார்கள். ஆனால் பெண்களைச் சோதிக்கப் பெண் பணியாளர்கள் நானும் இன்னொருவரும் மட்டும்தான், வரிசைகளோ நான்கு. இரண்டு பேரும் நாலு மணி நேரம் நகரவே இல்லை. அறிக்கையில் "முழு வருகை" என்று இருந்தது. எத்தனை பேர் என்பதோடு எந்த வேலைக்குத் தகுதியுள்ளவர் எத்தனை பேர் என்று தனிப் பத்தியாகப் போடாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

அனுப்பிவிட்டுத் தேவைப்படும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு 2022-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் ஒரு பாடம். பெருந்தொற்றில் போனவர்கள் திரும்பவில்லை. வரிசை கட்டடத்துக்கு வெளியே வரை நின்றது. கோடைக்குப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு மணிக்கு 5.25 யூரோ கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பணம் கொடுத்தாலும் ஆள் அன்றே வேலைக்கு வர முடியாது. பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி, தேர்வு எல்லாம் முடிந்துதான் திரைக்கு முன் உட்கார முடியும்.

நுரைவண்டி

தீயணைப்புப் பக்கம். இங்கே குறைந்தபட்சம் உலக அளவில் ஒரு அளவுகோல் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஐகாவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) 14-ஆம் இணைப்பின்படி, விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து விமான நிலையத்துக்குத் தீயணைப்பு வகை நிர்ணயிக்கிறார்கள், 1 முதல் 10 வரை. ஏர்பஸ் ஏ320 வந்தால் வகை 6. கொஞ்சம் நீளமான ஏ321 வந்தால் வகை 7. இரண்டுக்கும் இரண்டு வண்டிகள். போயிங் 787-8 வந்தால் வகை 8, மூன்று வண்டிகள். விமான நிறுவனம் ஒரு கூட்டத்தில் "இந்தத் தடத்தில் பெரிய விமானம் விடுகிறோம்" என்று முடிவெடுத்தால் எங்களுக்கு ஒரு வண்டியும் அதற்கு எல்லா ஷிப்டுக்கும் ஆளும் கூட வேண்டும். அந்தப் பெரிய விமானம் குறைவாக வந்தால், அதாவது மிக மும்முரமான மூன்று மாதத்தில் 700 இயக்கங்களுக்கு (தரையிறங்குவது ஒன்று, கிளம்புவது ஒன்று) கீழே இருந்தால், ஒரு வகை குறைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு எங்கள் காதுக்கு எப்போது வருகிறது? விமானம் வர ஆறு வாரம் இருக்கும்போது.

ஓடுபாதையின் எந்த முனைக்கும் 3 நிமிடத்துக்குள் முதல் வண்டி போய் நுரை அடிக்கத் தொடங்க வேண்டும், முடிந்தால் 2 நிமிடம். இதைச் சோதனைப் பயிற்சியில் எல்லோரும் செய்துவிடுவார்கள். உண்மையான இரவில் அந்த வண்டியின் ஆளில் ஒருவர் பறவை விரட்டப் போயிருப்பார், இன்னொருவர் எரிபொருள் நிரப்பும் இடத்தில் காவலுக்கு, இன்னொருவர் முனையத்தில் மயங்கி விழுந்த பயணிக்கு முதலுதவி. எல்லாம் தேவையான வேலைதான், யாரும் வீணாக அனுப்பவில்லை. ஆனால் மணி அடிக்கும்போது அந்த மூன்று பேரும் எங்கே இருப்பார்கள் என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்து, மிக மோசமான இடத்திலிருந்து ஓடி வர எத்தனை நொடி என்று அளந்திருக்கிறோமா? வேலை, வளம் இரண்டையும் சேர்த்து நொடி நொடியாக எழுதும் இந்த ஆய்வை ஐகாவோவே பரிந்துரைக்கிறது. நாங்கள் ஒருமுறை செய்தோம். தலைவர் கட்டளையும் கொடுத்து, வண்டியும் ஓட்டி, ரேடியோவும் பேச வேண்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன் பத்து வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

செலவுப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. கோபுரத்துக்குரல் ஐயா சொன்னது எனக்குப் புதிய கோணம். "நிறுத்தும் விதி" ஒரு செலவு, அதை என்னால் கணக்கில் போட முடியும். ஒரு விமானம் இருபது நிமிடம் தாமதமானால் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். அதை ஆள் செலவோடு ஒப்பிட்டுப் பேசலாம். இதுவரை யாரும் இப்படி எடுத்து வைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பற்றாக்குறையை ஓவர்டைமில் சமாளிப்பது புதிய ஆள் எடுப்பதைவிட மலிவு. ஆட்களும் விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். அதில் என்ன தவறு?

இரவுவானம்

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன், இரவுப் பணிதான் எங்கள் வாழ்க்கை. ஓவர்டைம் விரும்பிக் கேட்பவர்களில் நானும் ஒருவன், வீட்டுக் கடன் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அதை எங்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

1997-இல் வெளியான ஒரு ஆய்வு எங்கள் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் கை, கண் ஒருங்கிணைப்பு ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது. பல நாடுகளில் அந்த அளவில் கார் ஓட்டினாலே குற்றம். இரவு ஷிப்டுக்கு வருபவர் பகலில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, பத்து மணிக்கு வேலைக்கு வருகிறார். காலை ஆறு மணிக்கு "இன்னும் நாலு மணி நேரம் இருக்க முடியுமா" என்று கேட்டால் அவர் சரி என்பார். அந்த நேரத்தில் முடியும், முடியாது என்று சொல்லும் நிதானமே அவரிடம் இருக்காது. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். உங்கள் 17 பேரும் அந்த நேரத்தில் பகலில் இருக்கும் அதே 17 பேர் கிடையாது.

அமெரிக்காவில் 2024-இல் கட்டுப்பாட்டாளர்களுக்கு ஷிப்டுகளுக்கு இடையே 10 மணி நேரமும், நள்ளிரவு ஷிப்டுக்கு முன் 12 மணி நேரமும் ஓய்வு என்று அறிவித்தார்கள். ரேம்பில் வேலை பார்ப்பவருக்கு அப்படி ஒரு கோடு யார் போட்டிருக்கிறார்கள்? அட்டவணைக்காரன், உங்கள் கணினியில் ஓவர்டைமுக்குப் பிறகு அடுத்த ஷிப்ட் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று தானாகக் காட்டுகிறதா? எங்களுடையதில் காட்டுவதில்லை.

புதுவாசகி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இந்தத் துறையில் இல்லை. இதெல்லாம் கணினியும் கேமராவும் செய்ய முடியாதா? கோபுரமே இல்லாமல் தொலைவிலிருந்து இயக்குகிறார்கள் என்று படித்தேன்.

வரிசைக்கணக்கு

தாராளமாகக் கேளுங்கள். ஸ்வீடனில் 2015-லிருந்து ஒரு சிறிய விமான நிலையத்தைத் தொலைதூரத்திலிருந்து இயக்குகிறார்கள். 2021 முதல் லண்டன் சிட்டி விமான நிலையத்தின் கோபுரப் பணியும் வேறு ஊரிலிருந்துதான் நடக்கிறது. கேமரா வந்தது, கட்டுப்பாட்டாளர் போகவில்லை, இடம் மாறினார்.

எனக்கு அதைவிடப் பயன் தெரிவது தகவல் பகிர்வில். 2007-இல் மியூனிக் விமான நிலையம் தொடங்கியது. விமான நிறுவனம், தரைப்பணி, கோபுரம் எல்லோரும் "இந்த விமானம் எத்தனை மணிக்குத் தயாராகும்" என்ற ஒரே நேரத்தைப் பார்த்து வேலை செய்வது. ஒரு விமானம் நாற்பது நிமிடம் தாமதம் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே ரேம்புக்குத் தெரிந்தால் அதே ஆளை வைத்து இன்னும் நன்றாகச் சமாளிக்கலாம். மழை இரவில் மூன்றும் ஒன்றாக வரப்போகிறது என்று அட்டவணைக்காரனுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்க நினைத்தேன்.

அட்டவணைக்காரன்

முதல் விமானம் தரையிறங்கிய பிறகு.

கோபுரத்துக்குரல்

நீண்ட காலத் திட்டம் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை ஒரே நேரத்தில் பணிநீக்கம் செய்தார்கள். அதன் பின் சில வருடங்களில் கூட்டமாகப் புதியவர்களை எடுத்தார்கள். எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள். அங்கே 56 வயதில் கட்டாய ஓய்வு. அதனால் இருபத்தைந்து வருடம் கழித்து எல்லோரும் சேர்ந்தே ஓய்வுக்குப் போனார்கள். ஒருவர் முழுத் தகுதி பெற இரண்டு, மூன்று வருடம் ஆகிறது. பயிற்சி கொடுப்பவரும் அதே குறைந்த ஆட்களிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வருடம் ஆள் எடுக்காமல் விட்டால் அதன் வலி எப்போது வரும் என்று பட்ஜெட் போடுபவருக்கு அந்த வருடம் தெரியாது.

2024 ஜனவரி 2-இல் டோக்கியோ ஹனேடாவில் தரையிறங்கிய ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தில் மோதியது. ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள், சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். சில நாட்களில் அங்கே ஓடுபாதைத் திரையை மட்டும் இடைவிடாமல் பார்க்கத் தனியாக ஒருவரை அமர்த்தினார்கள். சரியான முடிவு. ஆனால் வரிசைக்கணக்கு சொன்ன 5.17-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர், நாளைக்கே, ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து எடுத்தாலும் அங்கே ஒரு இடைவெளி விழும்.

மஞ்சள்கோடு

புதியவர்கள் விஷயம் ரேம்புக்கும் அப்படியே. ஏழு பேர் குழுவில் நாலு பேர் மூன்று மாதம்கூட ஆகாதவர்கள் என்றால் அது ஏழு இல்லை. ஓடும் இன்ஜினுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தாலும், இரைச்சலிலும் மழையிலும் உடம்புக்குத் தெரிய நாளாகும். ஒரு குழுவில் புதியவர் இரண்டுக்கு மேல் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். எழுதப்பட்ட விதி கிடையாது, என் விதி. நான் ஓய்வு பெற்றால் அது என்னோடு போய்விடும். அதுதான் எனக்குக் கவலை.

தம்பி, அந்தக் கை நீள விஷயத்தை எழுதிக் கொடுத்தீர்களா இல்லையா?

அட்டவணைக்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கணக்கை முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் அண்ணனுக்கு. எழுதிக் கொடுத்துவிட்டேன். டக் ஓட்டுநர் முதலில் தயங்கினார், தன் மேல் வரும் என்று. ஷிப்ட் பொறுப்பாளரும் நானும் கையெழுத்துப் போட்ட பிறகு அவரும் போட்டார்.

கணக்கு இப்படி வந்தது. கால அட்டவணையைப் பார்த்தால் இரவில் எந்த நேரத்திலும் இரண்டு விமானத்துக்கு மேல் சேர்வதில்லை. உண்மை நேரத்தைப் பார்த்தால் 61 இரவுகளில் மூன்று சேர்ந்திருக்கின்றன, 9 இரவுகளில் நான்கு. அநேகமாக எல்லாமே 11.45 முதல் 2.15 வரை. மூன்று மணிக்கு மேல் வருடத்தில் ஏழு இரவுகளைத் தவிர இரண்டைத் தாண்டவில்லை.

வருகை: 22 போட்டால் வருவது 18 அல்லது 19. 17 போட்டால் 14 வருவார்கள். விமானத்துக்கு ஏழு என்றால் 14 பேர் இரண்டு விமானத்துக்கு மட்டும். அதாவது 61 இரவுகளில் மூன்றாவது விமானத்துக்கு ஆளே இல்லை. ஆனால் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே அதிர்ச்சியான விஷயம், மூன்று விமானத்துக்கு 21 பேர் வேண்டும், இப்போதைய 22-உம் போதவில்லை. மழை இரவு நடந்தது தற்செயல் இல்லை. நான் போட்ட அட்டவணையில்தான் அது இருந்தது.

செலவுப்பக்கம் சார் கேட்டது மனதில் இருந்ததால் கூடுதல் ஆள் கேட்கும் முன் நேரத்தை மாற்றிப் பார்த்தேன். இப்போது மாலை ஷிப்டில் 20, இரவில் 22, மொத்தம் 42. அதை மாலை 15, இரவு 16, நடுவில் மாலை 6 முதல் நள்ளிரவு தாண்டி 2.30 வரை 9 பேர் என்று பிரித்தால் மொத்தம் 40. மாலையின் கடைசி நெருக்கடிக்கும் இந்த ஒன்பது பேர் உதவுவார்கள். நள்ளிரவில் 25 போட்டு 21 பேர் வருவார்கள், மூன்று விமானம். 2.30-க்கு மேல் 13 அல்லது 14 பேர். 13 என்றால் இரண்டாவது விமானம் காத்திருக்கும்.

அதோடு ஒரு பக்கத்தில் நிறுத்தும் விதி. இரண்டு பக்கமும் விங் வாக்கர் இல்லாமல் புஷ்பேக் கிடையாது. ஏழு பேர் சேராத விமானத்தில் சரக்கறை திறப்பது கிடையாது. புதியவர் இரண்டுக்கு மேல் ஒரு குழுவில் கிடையாது, இது அண்ணனின் விதி. விமானத்தைக் காக்க வைக்கும் அதிகாரம் ஷிப்ட் பொறுப்பாளருக்கு, யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இரவுவானம்

நல்ல வேலை. ஒரு ஓட்டை தெரிகிறது. 2.30-க்கு விடும் ஒன்பது பேர் வீட்டுக்கு எப்படிப் போவார்கள்? தானே வண்டி ஓட்டிப் போனால் ஆபத்தை ரேம்பிலிருந்து சாலைக்கு மாற்றுகிறீர்கள். அவர்களுக்கு மறுநாள் காலை ஷிப்ட் போடவும் கூடாது.

அட்டவணைக்காரன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. நிறுவன வண்டி, 12 மணி நேர இடைவெளி இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

செலவுப்பக்கம்

ஐந்து கேட்ட இடத்தில் இரண்டு குறைகிறது. என் மேலாளராக இருந்தால் முகம் சுளிப்பார். நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். ஒரு யோசனை: ஒவ்வொரு முறை விமானம் காத்திருந்தபோதும் எத்தனை நிமிடம், ஏன் என்று பதிந்து வையுங்கள். மூன்று மாதத்தில் அந்தத் தாளே அடுத்த பேச்சுக்குப் போதும். ஆள் கூட வேண்டுமா, குறைக்கலாமா என்று அப்போது இரண்டு தரப்பும் ஒரே எண்ணைப் பார்க்கும்.

அட்டவணைக்காரன்

கூட்டம் நேற்று முடிந்தது. மூன்று மாதச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். நிறுத்தும் விதியில் சரக்கறை பற்றியதை எடுத்துவிட்டார்கள், விங் வாக்கர் விதியும் புதியவர் விதியும் பொறுப்பாளரின் அதிகாரமும் அப்படியே இருக்கின்றன. வண்டிக்கு இன்னும் பதில் இல்லை. அது வராமல் நடு ஷிப்டைத் தொடங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள்கோடு

சரக்கறை விதிக்கு மறுபடி கேளுங்கள். அந்தக் காத்திருப்புத் தாளில் என்னென்ன பத்தி வைத்திருக்கிறீர்கள்? எங்கள் இடத்திலும் தொடங்கப் பார்க்கிறேன்.

அட்டவணைக்காரன்

தேதி, விமான எண், நிறுத்தம், வர வேண்டிய நேரம், வந்த நேரம், அப்போது ரேம்பில் இருந்த ஆள், அதில் புதியவர், எந்த இடம் காலி, காத்த நிமிடம், நிறுத்தச் சொன்னவர் கையெழுத்து. பத்துப் பத்தி. டக் இல்லாமல் காத்ததற்குத் தனியாக ஒன்று சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன் அண்ணே.

மஞ்சள்கோடு

சேருங்கள். எங்கள் இடத்தில் பாதி அதுதான்.